வாய் வைத்த தண்ணீர்

முதலாளி வீட்டுக் குளியலறையில் வெந்நீர் அண்டா உள்ளே இருக்கும். அடுப்பு வெளியே இருக்கும். பின்பக்கச் சுவரில் ஓட்டை விட்டு, தீ மட்டும் உள்ளே போகிற மாதிரி கட்டியிருந்தார்கள். விறகு தள்ளுகிறவன் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை, தண்ணீரைத் தொட வேண்டியதில்லை. எவனோ நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த ஓட்டைக்கு முன்னால் குந்தி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தவர் என் அப்பா மலைச்சாமி.

அப்பாவுக்கு இளைப்பு வந்தது நான் காலேஜில் சேர்ந்த வருஷம். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தபோது நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பீடி குடிப்பாரா?"

"தொட்டதில்ல சார். வெறகு அடுப்பு."

"அத விடணும். விட்டா இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பாரு. விடலன்னா மாத்திரை எழுதி என்ன பிரயோஜனம், நீயே சொல்லு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அடுப்ப விட்டா முதலாளிக்கு யாரு வெந்நி வைப்பா?" என்று கேட்டார். தன் நெஞ்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜரத்தினம் அண்ணாச்சியின் சோலார் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவள் நான்தான். "பதினஞ்சு வருசம் படிச்சிட்டு வெந்நி விக்கப் போறியாக்கும்" என்று என் அம்மா வேலுத்தாய் கேட்டாள். அவள் மில்லில் காலை ஷிப்ட்.  அடுத்த வாரமே அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணாச்சிக்கு அது வியாபாரம். எனக்கு அந்த அடுப்பை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி புதுச் சாமான்களில் ஆசை உள்ளவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நம்ம மலைச்சாமி மகளா? பரவாயில்லியே. சரி, வச்சுப் பாப்போம். நல்லா ஓடுச்சுன்னா உங்கப்பன் தென்னந்தோப்புக்குப் போகட்டும். நிழலு, காத்து. ஆனா ஒண்ணு. மார்கழி பூரா ஓடணும். எங்க வீட்ல விடியுமுன்னே குளிச்சிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போவா. ஒரு நா வெந்நி தவறுனாலும் பழையபடி அடுப்புதான்."

மலையடிவாரத்துத் தோப்பு. புகை கிடையாது. அங்கே போனால் அப்பா பிழைத்துக்கொள்வார். நான் அதைத்தான் பார்த்தேன்.

சோலார் வெந்நீரில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் காயும். காய்ந்த தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறும். பெட்டிக்கு மேலே தொட்டி இருந்தால் போதும், மோட்டாரே வேண்டாம். அந்த வீட்டில் அது நடக்கவில்லை. மொட்டை மாடியில் சாமி ரூம் இருந்தது. தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றினால் சாமி ரூமுக்கு மேலே நிற்கும்.

"குளிக்கிற தண்ணி சாமி தலைக்கு மேல நிக்கக் கூடாது" என்றார் முதலாளியம்மா. சத்தமாகப் பேச மாட்டார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

ஆக, பெட்டிகள் மேலே மாடியில், தொட்டி கீழே குளியலறைக் கூரையில் என்று ஆயிற்று. சூடான தண்ணீர் கீழே இறங்காது. "முடியாதும்மா, வேற வீடு பாப்போம்" என்று அண்ணாச்சி பையைத் தூக்கினார். நான் விடவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற பன்னிரண்டு வோல்ட் பம்பு ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். மாடியில் சின்னதாக ஒரு கரண்டு பிளேட். வெயில் அடித்தால் பிளேட் கரண்டு கொடுக்கும், பம்பு சுற்றும், தண்ணீரைப் பெட்டிக்கு ஏற்றித் தொட்டிக்குத் திருப்பும். வெயில் போனால் நின்றுவிடும். "சூரியந்தான் சுச்சு" என்று அண்ணாச்சி முதலாளியிடம் பெருமையாகச் சொன்னார். கணக்குப் போட்டவள் நான்.

மாட்டுகிற அன்று மாடிக்குப் போகக் கிளம்பினேன். முதலாளியம்மா படியில் நின்றார்.

"நீ மேல வேண்டாம்மா. சாமி ரூம் இருக்கு. பொம்பளப் பிள்ள, எப்ப எப்பிடி இருப்பன்னு யாரு கண்டா."

"இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா."

"சரிதான். இருந்தாலும்."

சாதியைச் சொல்ல வாய் கூசுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. பின்பக்க இரும்பு ஏணி வழியாகக் குளியலறைக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து கத்திக் கத்தி அளவு சொன்னேன். அண்ணாச்சி மாடியில் நின்று அதன்படி பூட்டினார்.

அந்தப் பம்புக்குப் பலம் குறைச்சல். குழாயில் காற்று இருந்தால் முக்கால் உயரம் வரைதான் தள்ளும். திரும்பி வருகிற குழாயின் முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் மேல் வளைவைத் தாண்டி இறங்கிவிடும். பிறகு தானே சுற்றும். லாரிக்காரன் டீசல் எடுக்கிற மாதிரிதான். அண்ணாச்சி கூரைக்கு இறங்கி வந்து, வெற்றிலை வாயைத் துடைத்துக்கொண்டு உறிஞ்சினார். வாய் நிறையத் தண்ணீர் வந்தது. துப்பிவிட்டு முனையைத் தொட்டிக்குள் விட்டார். முதலாளியம்மா கீழே கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டா?" என்று கேட்டார். "வந்துட்டும்மா" என்றார் அண்ணாச்சி. அம்புட்டுத்தான்.

மார்கழி பிறந்தது. விடியுமுன்னே குழாயைத் திறந்தால் கை பொறுக்காத சூடு. அப்பா அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், எழுந்து போய்க் கொல்லையில் நின்றுவிட்டு வருவார்.

"சும்மா நிக்கதுக்கு எதுக்குப் போறீய?" என்பாள் அம்மா.

"அவிய கூப்பிட்டா?"

"கூப்பிட்டா சூரியன் வருவான். நீங்க படுங்க."

அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா வெளிச்சம் வரும்வரை தூங்கினார். அவர் மூச்சில் விசில் சத்தம் குறைந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. அது நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு குழாய்க்கு வாஷர் மாற்ற வந்த ஒருவன் லைனைக் கழற்றி உள்ளே காற்றை விட்டுவிட்டான். பம்பு சுற்றியது, தண்ணீர் திரும்பவில்லை. அண்ணாச்சி வத்திராயிருப்பில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். சாயங்காலத்துக்குள் சரி செய்யாவிட்டால் மறுநாள் வெந்நீர் கிடையாது. நான் பஸ் பிடித்து ஓடினேன். ஏணியில் ஏறி, குழாய் முனையில் வாய் வைத்து உறிஞ்சினேன். இரண்டாவது இழுப்பில் தண்ணீர் வந்தது. துப்பினேன். முனையைத் தொட்டிக்குள் விட்டேன். திரும்பினால் கொல்லையில் முதலாளியம்மா.

"வந்துட்டும்மா" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது அங்கே நடந்ததை அப்பா வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்க வேண்டியிருந்தது. முதலாளியம்மா அன்று குளிக்கவில்லையாம். கோயிலுக்கும் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டு மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறார்.

பம்பு ஓடும்போது தொட்டியைக் காலி செய்யக் கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். அதற்குத் தண்ணீர்தான் எண்ணெய், தண்ணீர் இல்லாமல் சுற்றினால் உருகிவிடும், முதலில் மாடியில் பிளேட்டின் மேல் சாக்கைப் போட வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரும் சொல்லியிருக்கிறார்.

"அம்மா, மேல சாக்கு போடணுமாம். மக சொல்லிருக்கா."

"நீயா மேல ஏறப்போற? நான் யாரையாச்சும் போடச் சொல்லுதேன். நீ திற."

அப்பா செத்த நேரம் காத்திருக்கிறார். மேலே யாரும் போன மாதிரித் தெரியவில்லை. "இன்னும் திறக்கலியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. திறந்துவிட்டார். நல்ல உச்சி வெயில். தொட்டி காலியானது. பம்பு வெறுமனே சுற்றிச் சுற்றி, கருகிய வாடை வந்து, நின்றுபோனது. அதற்குப் பிறகும் உத்தரவுப்படி அப்பா மஞ்சள் கரைத்துத் தொட்டியைக் கழுவியிருக்கிறார். தன் மகள் வாய் வைத்த தொட்டியை.

"எதுக்குக் கழுவச் சொன்னாவன்னு கேட்டீயளா?"

"கேக்கணுமா தாயி? எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

அடுத்த நாள் அண்ணாச்சியோடு போனேன். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு பூரணம். வேற பம்பு போட்டுருவோம். உங்கப்பனுக்காகச் சொல்லுதேன்" என்று பஸ்ஸில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் புரிந்துதான் இருந்தது. உருகிய பம்பைக் கையில் வைத்துப் பார்க்கிற வரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தேன்.

"எச்சி பட்ட தண்ணி, மார்கழி மாசம், கோயிலுக்குப் போறவ எப்படிக் குளிப்பேன்?" என்றார் முதலாளியம்மா, அமைதியாக. "எச்சி யாரோடதுன்னாலும் எச்சிதான். என் மகன் வாய் வச்சாலும் கழுவத்தான் சொல்லுவேன். இதுல வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

"அண்ணாச்சி வாய் வச்சது எச்சி இல்லியாம்மா?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

"நீங்க இதே எடத்துல நின்னு பாத்தீங்க. வெத்தல வாய். அந்தத் தண்ணியில அத்தனை நாளும் குளிச்சிட்டுத்தான் கோயிலுக்குப் போனீங்க. அப்ப கழுவல. எச்சியக் கழுவலம்மா நீங்க. எங்க சாதியக் கழுவுனீங்க."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளியம்மா கணவரைப் பார்த்து, "மனக்கு வத்து" என்றார். அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கு எனக்குப் புரியும். நமக்கு வேண்டாம் என்று அர்த்தம். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பம்பு நிக்கும்னு நான் அப்பவே நெனச்சேன். அடுப்புன்னா இந்தத் தொல்ல இல்ல. மலைச்சாமி, நாளைக்குப் பத்த வச்சிரு."

அப்பா கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "சரிங்கய்யா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. திரும்ப அங்கே நிறுத்தினாலும் அதையேதான் சொல்லுவேன். ஆனால் அந்த உண்மைக்கு நெஞ்சைக் கொடுத்தது நான் இல்லை. மறுநாளிலிருந்து அப்பா பனியில் எழுந்து போனார். மழை ஈரம் போகாத கருவேல விறகு, அவ்வளவும் புகை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சுக்குப் போராடுவார். ஒரு தடவைகூட "உன் வாய்தான்" என்று என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு வாரம் போயிருக்கும். அம்மா ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அப்பா எழுந்து நின்றார், உதடு நீலமாக இருந்தது. கதவைப் பிடித்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"படுங்கப்பா."

"வெந்நி..."

"ஒரு நா பச்சத் தண்ணியில குளிக்கட்டும்."

"ஏட்டி, விலகு" என்று மறுபடி எழுந்தார். எவ்வளவு சொன்னாலும் போய்விடுவார் என்று தெரிந்தது. வழியில் விழுந்தாவது போவார்.

"படுங்க. நான் போறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் படுத்துக்கொண்டார்.

அந்த ஓட்டைக்கு முன்னால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குந்தினேன். சுவரெல்லாம் கரி, அப்பா முதுகு சாயும் இடத்தில் மட்டும் மழமழப்பு. விறகு பிடிக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்து ஊதினேன். புகை திரும்பி முகத்தில் அடித்தது. கண் தெரியவில்லை. மறுபடி ஊதினேன். மூங்கில் முனையில் அப்பாவின் பல் தடம் இருந்தது, அதே பள்ளத்தில் என் பல்லும் உட்கார்ந்தது. தீ பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு உள்ளே கதவு திறக்கும் சத்தம். பிறகு குரல்.

"மலைச்சாமி, இன்னும் கொஞ்சம் ஊது. சூடு பத்தல."

நான் ஊதினேன். மூச்சு முட்டுகிற வரைக்கும் ஊதினேன்.

"ம். போதும் மலைச்சாமி."

"மலைச்சாமி இல்லம்மா" என்றேன், ஓட்டைக்குள். "பரிபூரணம். நான்தான் ஊதுறேன். இதே வாயாலதான்."

 விறகு வெடிக்கிறது மட்டும் கேட்டது. எழுந்து போய்விடுவார், அண்டாவைக் கவிழ்க்கச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். கவிழ்க்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

செம்பு அண்டாவில் இடிபட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு செம்பு. இன்னொரு செம்பு. நிதானமாக, தலைக்கு ஊற்றிக் குளித்தார். பிறகு கார் கிளம்பிக் கோயிலுக்குப் போனது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கண்ணைத் திறந்துதான் கிடந்தார். என் சேலையிலிருந்து புகை வாடை அடித்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குளிச்சாவளா?"

"குளிச்சாவப்பா."

"நீதான்னு தெரியுமா?"

"தெரியும். சொன்னேன்."

அவர் சுவரைப் பார்த்தபடியே, "அப்ப நல்லா எரிஞ்சிருக்கு" என்றார்.

அன்றைக்கு அவர் அழுதாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கல் வரைக்கும் அவர் தாங்கவில்லை.