ஒரே ஃபோல்டர் இரண்டு இடத்தில்

என் மனைவி தையல் அளவை எழுதி வைக்கமாட்டாள். டேப் பிடித்த கையில் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று கேட்பாள். போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அளவெடுத்தபடியே வாயால் சொல்லிக்கொண்டு போவாள். "தோள் பதினாலரை. கை ஒன்பது. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கம்மா, அப்புறம் போட்டுக்கிட்டு நீங்கதான் கஷ்டப்படணும். இடுப்பு முப்பத்தி நாலு." துணி வெட்டும்போது அதைக் கேட்டுக் கேட்டுத் துணியின் மேலேயே சாக்பீஸால் கோடு போடுவாள். இதுவரை ஒரு உடுப்புகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

போன மாதம் அவளுக்கு முதல்முறையாகப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் புது யூனிஃபார்ம். ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவர்களையும் ஷிஃப்டுக்கு வருகிறவர்களையும் தலைமை நர்ஸ் பிடித்து நிறுத்தி வைக்க, இவள் ஒரே நாளில் எல்லாருக்கும் அளவெடுத்து முடித்தாள். கிளம்பும்போது அந்தம்மா சொல்லியிருக்கிறார்: "இன்னொரு தடவை இவங்களை ஒண்ணா நிறுத்துறது என்னால ஆகாதும்மா. பாதிப் பேரு ட்ரெய்னிங்குக்கு வெளியூர் போறாங்க. இதை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடுங்க, வருஷா வருஷம் உங்களுக்குத்தான் ஆர்டர்."

துணி வந்து இறங்கிய அன்று அவள் போன் தானாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது.

எங்கள் தெரு முனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவரைத் தெருவில் எல்லாரும் 'நாளைக்கு' என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் அதுதான் அவர் பதில். அவர் போனைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்ற வேண்டும், அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

எடுக்கப் போனால் இடமில்லை என்றது. எங்கள் கம்ப்யூட்டரில் சி டிரைவ் சின்னது. டி-யில் ஓரளவு இடம் இருந்தது. ஆனால் அந்த பேக்கப் சாஃப்ட்வேர் எங்கே வைக்கட்டும் என்று கேட்பதே இல்லை. பிடிவாதமாக சி-யில்தான் வைக்கும். நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். ஒரு ராக் நிறைந்தால் அடுத்த ராக்கில் வைக்க வேண்டும், அவ்வளவுதானே. அதற்கு வழி கேட்டு என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, போன் போட்டேன்.

"பேக்கப் ஃபோல்டரை டி-க்குக் கொண்டு போயிடுங்க மாமா. பழைய இடத்துல ஒரு லிங்க் போட்டுடலாம். பழைய வீட்டுக் கதவைத் திறந்தா நேரா புது வீட்டுக்குள்ள போய் நிக்கிற மாதிரி. சாஃப்ட்வேர் சி-லதான் வைக்கிறோம்னு நெனைச்சுக்கும். நிஜத்துல எல்லாம் டி-ல போய் விழும்."

"அதுக்குத் தெரியவே தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது மாமா. ரெண்டு இடத்துலயும் அச்சு அசலா ஒண்ணாதான் தெரியும்."

கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறக்கச் சொல்லி, எழுத்து எழுத்தாகச் சொல்லி என்னை அடிக்க வைத்தான். நடுவில் ஒரு இடைவெளி விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் வேலை நடந்தது. பேக்கப்பும் முழுசாக ஏறியது. எனக்கு அன்று கொஞ்சம் தலைக்கனம்தான். போனைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவியிடம், "பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இடமில்ல இடமில்லன்னு புலம்பிட்டே இருந்தீங்கல்ல? நான் சரி பண்ணிட்டேன்."

நான் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தேன். இன்னொன்று காலிலேயே இருந்தது.

"என்ன பண்ணின?"

"ஒரே ஃபோல்டர் ரெண்டு இடத்துல கெடந்துச்சு. அதே பேரு, அதே சைஸு. உள்ள வேற திறந்து பார்த்தேன், ஒண்ணுவிடாம எல்லாம் அதே. எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணைத் தூக்கிட்டேன்."

"எதை?"

"டி-ல இருந்ததை. சி-ல இருக்கிறதுதானே ஒரிஜினலு?"

"அழிக்கும்போது அது ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டுச்சு. இது ரொம்பப் பெருசு, குப்பைத்தொட்டில பிடிக்காது, ஒரேடியா அழிச்சுடட்டுமான்னு. அழின்னேன்."

அப்படியே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சி-யில் ஃபோல்டர் இருந்தது. திறந்தால், அப்படி ஒரு இடமே இல்லை என்றது.

"ஏன் திறக்கல? கண்ணு முன்னாடி இருக்குல்ல?" என்றாள்.

மச்சானை ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "புது வீட்டை இடிச்சாச்சு மாமா. இப்போ கதவு மட்டும்தான் நிக்குது" என்றான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, பதறாதீங்க. அழிச்சதுக்கு அப்புறம் டி-ல வேற எதையும் போடலைன்னா மீட்டு எடுத்துடலாம்."

அவள் தொண்டையைச் செருமினாள். "இடம் காலியாச்சேன்னு என் பென்டிரைவ் எல்லாத்துலயும் இருந்த எம்ப்ராய்டரி வீடியோவைக் கொண்டு போய் அதுல போட்டேன்டா."

"எவ்ளோக்கா போட்டே?"

"பிடிக்கிற வரைக்கும்."

அப்படியென்றால் மீட்கவும் வழியில்லை என்றான் மச்சான்.

"அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்க மாமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் அன்னைக்கு அவ்வளவு நேரம் குசுகுசுன்னு பேசினீங்களே, அது இதுதானா?"

மச்சான், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மீதி இருந்தது கடையில் இருக்கும் போன் மட்டும். கடைக்காரரைக் கூப்பிட்டேன். "வேலை ஓடிட்டே இருக்கு சார்," என்றார் நாளைக்கு. "மொத்தத்தையும் அழிச்சாச்சு, புதுசா ஏறிட்டிருக்கு. நாளைக்கு ரெடி."

போனை வைத்துவிட்டு அவர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் முகத்தில்தான் திடீரென்று உயிர் வந்தது. "இதையேதான் மேல்வீட்டுக்காரர் டிவி ரிமோட்டுக்கும் அந்த ஆள் ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கான். வாங்க போவோம்."

கடைக்குள் பெஞ்சில் ஒருவர் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் டேப்லெட்டும் அங்கேதான் ரிப்பேருக்கு இருந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஷெல்ஃபில் எங்கள் போன், நான் கொடுத்த அதே கவரில். வாயை மடித்து, பெயர் எழுதிய சீட்டை வைத்து ஸ்டேப்ளர் அடித்திருந்தது.

"அழிச்சாச்சுக்கா," என்றார் நாளைக்கு. "பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு."

"கவரையே பிரிக்கலையேப்பா?" என்றேன்.

"பிரிச்சு, திரும்ப அதே ஓட்டைலயே அடிச்சேன் சார். நீட்டா இருக்கட்டும்னு."

பெஞ்சுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு அவரையும் பார்த்துக்கொண்டார். அந்த ஆள் முன்னால் இவரை உண்மை பேச வைக்க முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. நான் குரலை உயர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, என் மனைவி மேஜைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, நீ தொடலைன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தொட்டிருந்தாதான் இங்கயே உக்காந்து அழுவேன். ஒரு ஆஸ்பத்திரி அளவு பூரா இதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

நாளைக்கு எழுந்தார். "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. சார், நீங்களும்."

உள்ளே என்றால் ஒரு திரைக்குப் பின்னால். மூன்று பேர் நின்றால் திரை முதுகில் ஒட்டும்.

"தொடவே இல்லக்கா."

"நிஜமாவா?"

"சத்தியமாக்கா. கவரைக்கூடப் பிரிக்கல. அன்னைக்கு வெச்சது வெச்சபடி இருக்கு. தூசிகூடத் தட்டல. என்னை நம்புங்க."

இதுவரை அவர் எதையும் இவ்வளவு மனதாரச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீ நல்லா இருக்கணும் தம்பி." வேலை செய்யாததற்கு யாராவது வாழ்த்தினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கவரைப் பிரித்து, போனைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

போன் எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது. அவள் ரெக்கார்டிங்கைத் திறந்து காதில் வைத்தாள். "தோள் பதினஞ்சு. கையை இறக்குங்கம்மா, யாரும் உங்களை அரெஸ்ட் பண்ணல" என்று அவள் குரல் கேட்டது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும் கொஞ்சம்.

வெளியே வந்தபோது பெஞ்சுக்காரர், "என்னம்மா, உங்களுது முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லபடியா பண்ணிக் குடுத்தாருங்க," என்றாள்.

"அப்போ என்னுதையும் இதே மாதிரியே பண்ணிக் குடுத்துடுப்பா," என்றார் அவர். நாளைக்கு தலையாட்டினார்.

வீட்டில் அந்த ரெக்கார்டிங்குகளை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டர் வழியாக என் போனில் ஏற்றினேன். போன் நடுவில் அணைந்தபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவள் பக்கத்தில் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ என்ன பண்றீங்க?"

"காப்பி பண்றேன்."

"எதை எங்க?"

சொன்னேன்.

"இப்போ?"

"சும்மா மவுஸை நகர்த்தினேன்."

"ஏன் நகர்த்தினீங்க?"

அதற்கும் காரணம் சொன்னேன். எல்லாம் ஏறி முடிந்ததும், என் போனில் அவளே திறந்து ஒவ்வொரு நர்ஸாகக் கேட்டுப் பார்த்தாள். பிறகு என் போனையும் எடுத்துக்கொண்டு துணி வெட்டப் போய்விட்டாள். யூனிஃபார்ம் முடியும்வரை எனக்கு வந்த அழைப்புகளை எல்லாம் அவள்தான் எடுத்தாள். என் மேனேஜரிடம் நான் வெளியே போயிருப்பதாக இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். நான் அப்போது அவளுக்குப் பக்கத்தில்தான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.