ச வருகிற வார்த்தைகள்

ரொட்டித் தட்டு வண்டியின் கைப்பிடி வாயில் அடித்ததில் மேல்வரிசை முன்பற்கள் போயின. பல் டாக்டர் செட் கட்டிக் கொடுத்தார். அதைப் போட்டால் ச வருகிற இடமெல்லாம் விசில் அடித்தது. கழற்றினால் விசிலோடு எச்சிலும் தெறித்தது. போட்டுக்கொண்டேன்.

ரொட்டித் தொழிற்சாலையில் எனக்குக் குக்கர் என்று பெயர் வைத்தார்கள். "என்ன குக்கர், எத்தன விசில்ல இறக்கணும்?" என்று டீக் குடிக்கும் இடத்தில் அடுப்புக்காரன் கேட்பான். சிரித்தாலும் விசில் வந்தது. உள்ளே எந்திரச் சத்தத்தில் யாரும் பேசுவதில்லை, கையைக் காட்டித்தான் வேலை நடக்கும். ஆகவே பிழைப்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை.

மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. எனக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. அவள் லிப்ட் கம்பெனியில் புகார் போன் எடுப்பவள். நாள் முழுக்க ஊராரிடம் அழகாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச்சு மிச்சம் இருக்காது. பொடிசு முழித்திருக்கும் நேரமெல்லாம் பெரும்பாலும் என்னோடுதான். பேச்சை என்னிடம்தான் எடுத்துக்கொண்டாள். விசிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. மனைவியின் தம்பி வந்தால் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க, மாமாவுக்கு சைக்கிள் சொல்லு" என்பான். சொல்வாள். "அச்சு அசல் அத்தான் வாய்தான். ஆஸ்பத்திரியில மாறிப்போச்சோன்னு இனி சந்தேகமே வேணாம்" என்பான். பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகளும் சைக்கிள் கேட்டன. கொஞ்ச நாளில் அவள் அங்கே வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்பதில்லை, ஒன்றுக்கு வந்தாலும் சொல்லாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். அதன் பிறகுதான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் கூட்டிப் போனோம்.

அந்த அம்மா குச்சி வைத்து வாய்க்குள் பார்த்தார். நாக்கில் குறையில்லை, பல்லில் குறையில்லை.

"வீட்ல பாப்பாகூட யாரு அதிகமா பேசுறது?"

மனைவி என்னைக் காட்டினாள்.

"சார், நீங்க கொஞ்சம் பேசுங்க, கேப்போம்."

"சரிங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

கொஞ்ச காலத்துக்கு அவளிடம் ச வருகிற வார்த்தை எதையும் சொல்ல வேண்டாம் என்றார். முடியுமென்றுதான் நினைத்தேன். சாப்பிடு என்பதற்குத் தின்னு என்றேன். சும்மா இரு என்பதற்கு அடங்கு என்றேன். செருப்பைக் காலில் மாட்டுறது என்றேன். ச இல்லாமல் பேசினால் ஸ்டேஷனில் கைதியிடம் பேசுவது மாதிரி இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்த அம்மாவிடம் பொடிசு, "வந்துட்டியா? தின்னுட்டு அடங்கு" என்றாள்.

மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "விசிலே தேவல போல. நீங்க பேசாமயே இருந்துடுங்களேன், கொஞ்ச நாளைக்கு."

"எவ்ளோ நாளைக்கு?"

"அவ வாய் திருந்துற வரைக்கும். என்னங்க, அது அங்க தாகத்தோட உக்காந்திருக்குங்க."

அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. தொழிற்சாலையில் செய்வதை வீட்டிலும் செய்தேன். முஷ்டி மடக்கினால் நில். விரலைச் சுழற்றினால் சீக்கிரம். மனைவி தன் குரலைப் போனில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போவாள். தட்டை வைத்துக்கொண்டு நான் பொத்தானை அழுத்துவேன். "சாப்பிடு கண்ணு, ஆ காட்டு" என்று போன் சொல்லும். புகார் கொடுத்தவரைச் சமாதானப்படுத்தும் அதே குரல். "எனக்கு வேணாம்" என்று பொடிசு போனிடம் சண்டை போடுவாள். போன் அசராது. "அடுத்த வாய் வாங்கிக்கோ கண்ணு" என்னும். இருவரையும் பார்த்துக்கொண்டு நான் கரண்டியைப் பிடித்திருப்பேன்.

தொடக்கத்தில் கேட்டுப் பார்த்தாள். "அப்பா, பூனை எங்க போச்சு? அப்பா, சொல்லு." தெருவைக் கை காட்டினேன். "வாயால சொல்லு." மாட்டேன் என்று தலையாட்டினேன். இரவு அவள் அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கு எம்மேல கோவமா?"

"இல்லடி. அப்பா பேசக் கூடாது. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"பேசினா?"

"பேசினா திட்டுவாங்க. தூங்கு."

அதற்கப்புறம் கேட்கவில்லை. கேள்விகளை அம்மா வரும்வரை சேர்த்து வைத்திருந்தாள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

பல மாதங்கள் போயின. பயிற்சி அம்மா படங்களைக் காட்ட, அவள் சாவி, சீப்பு, சோப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு பிசிறு இல்லை. பாலர் பள்ளியில் வாயாடுகிறாள், பக்கத்துப் பையன் தண்ணீரையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறாள் என்றும் செய்தி வந்திருந்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி நீங்க தாராளமா பேசலாம் சார். அவளுக்குப் பிடிபட்டுடுச்சு" என்றார் அந்த அம்மா.

நான் தலையை ஆட்டினேன்.

"இப்பவே பேசலாம், பரவால்ல" என்று சிரித்தார். மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சமையலறைக்குப் போனாள். பொடிசு தரையில் உட்கார்ந்து பொம்மை ஒன்றின் தலையைத் திருகிக்கொண்டிருந்தாள். வரும் வழியில் வாங்கிக் கொடுத்த ஐஸ் அவள் முன்பக்கம் பூராவும் வழிந்து காய்ந்திருந்தது. அருகில் போய்க் குந்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சட்டைய மாத்தலாமா?" என்றேன். விசில் பழையபடியே வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அவள் என் வாயைப் பார்த்தாள். பொம்மையைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா! அப்பா பேசிட்டாரு!"

"பேசட்டும்டி. இனிமே பேசலாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டரம்மாதான் சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லல."

குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பொடிசு திரும்பி வந்தாள். கொஞ்சம் தள்ளியே நின்றாள். மறுபடியும் பேசிவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசவில்லை. கிட்டே வந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். சட்டையைத் தலைவழியாகக் கழற்றினேன்.