சோப்பு வைத்த டேங்க்

துரைராசு வண்டியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதுமே மெக்கானிக் ஜெனித்துக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அது அவன் அண்ணன் கிளாட்சனின் வண்டி. குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய கிளாட்சன், பெங்களூரில் யாரோ பந்தயக்காரனிடம் ஆசைப்பட்டு வாங்கிவந்த பழைய டர்ட் பைக். வரப்பு, வாய்க்கால், மணல் எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

வெளிநாட்டுக் காசில் ஊருக்கு ஊர் மாடி வீடு எழும்ப எழும்ப, கொள்ளிடத்து மணலுக்குக் கிராக்கி ஏறிப்போச்சு. ராத்திரி பகல் பார்க்காமல் அள்ளினார்கள். போர்வெல்லில் தண்ணீர் இறங்கி நாற்று கருகியதும் கிளாட்சன் ஊர்க்காரர்களோடு போய் மணல் லாரியை மறித்தான். அந்தப் பாவத்துக்குப் போன மாதம் லாரிக்காரர்களின் அடியாள் துரைராசு, அவன் வலது கையைக் கடப்பாரையால் நொறுக்கினான். கையோடு விட்டானா? வண்டியையும் எடுத்துக்கொண்டு போனான்.

நொறுக்கியவன் அந்த வண்டியை அந்த வீட்டுத் தம்பியிடமே ரிப்பேருக்குக் கொண்டுவருகிறான் என்றால், அவன் நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது!

"பெட்ரோல் ஒழுவுதுடா. ஆத்துக்குப் போறதுக்குள்ள பாதி காலியாயிடுது. சீக்கிரம் பாரு."

வண்டியின் பின்னால் ஒரு கோணிச்சாக்கு கட்டியிருந்தது. அதிலிருந்து அரிவாள் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. ஜெனித் அதைப் பார்ப்பதைத் துரைராசுவும் பார்த்தான்.

"ஒங்கண்ணன் ஒத்தக் கையோட மறுபடியும் லாரிக்கு முன்னால நிக்கிறானாம்டா. ஒரு கை போயும் திருந்தல. தலை போனா திருந்துவான்ல?"

"வேணாம்ணே. நான் போயிக் கூட்டிட்டு வந்துடறேன். கால்ல வேணா விழுறேன்..."

சொல்லி முடிப்பதற்குள் அறை விழுந்தது. ஜெனித்தின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. "வேலையப் பாருடா," என்றான் துரைராசு.

பார்த்தான். பெட்ரோல் டேப்பின் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது, மாற்றினான். கார்புரேட்டருக்குப் போகும் டியூப் பிளந்திருந்தது, புதுசு போட்டான். அப்படியும் சொட்டு நிற்கவில்லை. டேங்கின் அடியில், முன்பக்கமாக, நகம் நீளத்துக்கு ஒரு விரிசல். டேங்கைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து வெல்டிங் வைக்க ஒரு நாள் வேண்டும். அவசரத்துக்கு எந்த ஊர் மெக்கானிக்கும் செய்வது ஒன்றுதான். துணி துவைக்கிற பார் சோப்பை விரிசலில் அழுத்தித் தேய்த்து அடைத்துவிடுவார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது, சிமெண்டு பூசினமாதிரி நிற்கும். தண்ணீர் பட்டால்தான் ஆபத்து. அதனால் அடைத்துக் கொடுக்கிற எவனும், "தண்ணி படாமப் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டான்.

ஜெனித் சோப்பை அடைத்தான். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பக்கத்திலேயே ப்ளக் ஒயரின் ரப்பர் உரிந்து பொறி தெறித்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்சுலேஷன் டேப் சுற்றவும் இல்லை. லாரி நிற்கிற இடத்துக்குப் போக ஆற்றில் முழங்கால் தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். முன்சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் நேரே விரிசலில்தான் படும். சோப்பு போகும், பெட்ரோல் கொட்டும், பொறி பிடிக்கும். கொலைதான், வேறென்ன? ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்கால் போடுகிறவன், கர்த்தரே என்று ஒரு வார்த்தைகூட முனகவில்லை. அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"முடிஞ்சுதுண்ணே. இனி ஒரு சொட்டு விழாது."

துரைராசு குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"ஒன் தொழில் மேல நம்பிக்கை இருக்குடா தம்பி. ஒன் மேலதான் இல்ல. ரிப்பேர் பாத்தவந்தான ட்ரயல் ஓட்டிக் காட்டணும்? ஏறு. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாகிப் போச்சு. பட்டறையில் ஆள் இல்லை என்று ஜெனித் இழுத்தான். அரிவாள் சாக்கைவிட்டு வெளியே வந்து அவன் விலாவில் குத்தி நின்றது. ஏறினான்.

கரையில் போகும்போதே வண்டியைச் சாய்த்துவிடலாமா என்று பார்த்தான். சாய்த்தால் தன்னை வெட்டிப்போட்டுவிட்டு இந்தப் பாவி தானே ஓட்டிக்கொண்டு போவான், சந்தேகம் வந்து தண்ணீரில் இறக்காமல் நின்றாலும் நிற்பான். கூட இருந்து ஓட்டினால்தான் நிச்சயம். ஆற்றுச் சரிவுக்கு வண்டியைத் திருப்பினான்.

எதிர்ப்பக்கம் லாரி நின்றது. அதைச் சுற்றிக் கம்பும் மண்வெட்டியுமாக ஊர்க்கூட்டம். எல்லாருக்கும் முன்னால் கிளாட்சன், வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் மூங்கில் கம்பு.

"எறக்குடா தண்ணியில!"

இறக்கினான். தண்ணீர் பீய்ச்சியடித்தது. நடு ஆற்றுக்குப் போவதற்குள் பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது. அடுத்த மூச்சு இழுப்பதற்குள் தீ தொடையிலிருந்து நெஞ்சுவரை எழும்பியது. ஜெனித் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்தான். துரைராசுவின் நைலக்ஸ் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. அவன் விழுந்த இடத்தில் தண்ணீரின் மேலேயே பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது. முழுகி எழுந்து மறுபடி தீயிலேயே எழுந்தான். அவன் போட்ட அலறல் மனுசன் அலறல் மாதிரி இல்லை. மணலுக்குத் தவழ்ந்து வந்து குப்புற விழுந்தவன் பிறகு அசையவில்லை. அவன் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

கூட்டம், தண்ணீரைவிட்டுத் தவழ்ந்து மணலில் ஏறிய ஜெனித்தின் பக்கம் வந்தது.

"இந்த நாய்தான்டா அவனுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தது!" என்று நல்லக்கண்ணு கத்தினார். கிளாட்சனோடு முதல் நாளிலிருந்து லாரி மறித்தவர் அவர். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? கண்ணால் கண்டது அதுதானே.

முதல் அடி கிளாட்சனுடையது. இடது கையால் அடித்தாலும் தோள்பட்டை எலும்பு உடைகிற சத்தம் கேட்டது.

"என் கைய ஒடச்சவனுக்கா வண்டி ஓட்டுற? ஒரே வயித்துல பொறந்தவந்தானடா நீ!"

"சோப்புதாண்ணே வச்சேன்," என்றான் ஜெனித். வாயெல்லாம் ரத்தமும் மணலும். "டேங்க்ல... சோப்பு வச்சுத்தான் தண்ணியில எறக்குனேன்."

ஓங்கிய கம்பு நின்றது. சோப்பு வைத்த டேங்கைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று வண்டி வைத்திருக்கிறவனுக்குத் தெரியாதா? கிளாட்சன் எரிகிற வண்டியைப் பார்த்தான். தம்பியின் தொடையில் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்தான்.

"தெரிஞ்சேவாடா ஏறுன?" என்றான்.

ஜெனித் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்தவர்களின் கம்புகள் இறங்கின. "நிறுத்துங்கய்யா, இவன் நம்ம ஆளு!" என்று கிளாட்சன் கத்தினான். அந்த ஆத்திரத்தில் யார் காதில் விழும்? கம்பைத் தூர எறிந்துவிட்டுத் தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அடுத்த அடி மாவுக்கட்டின் மேல் விழுந்து கட்டு பிளந்தது. அதற்கடுத்தது முதுகில். கிளாட்சன் அம்மா என்று அலறினான். அப்படியும் தம்பியின் மேலிருந்து எழுந்திருக்கவில்லை.