கம்பியில் ஒரு சட்டை

கண் விழித்தபோது ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். கொல்லையில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. இரவு பெய்த மழையின் மிச்சம் என்று நினைத்தேன். என் மனைவி ஜிசேல் இறந்து அன்றோடு ஒரு வருடம். காலைப் பூசையில் அவள் பெயரை வாசிக்க மாதா கோவிலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைக் காதால் கேட்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வியட்நாம் போர் முடிந்த எழுபத்தைந்தில் இங்கிருந்த எங்கள் தமிழ் ஆட்கள் புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் கிளம்பியபோது, வியட்நாமியத் தாயை விட்டு வரமாட்டேன் என்று நின்றவள். அவளுக்காக நானும் நின்றேன். கான் ஹொய்யின் இந்தச் சந்தில் என்னைத் தமிழில் திட்ட இருந்த ஒரே ஆள்.

நல்ல சட்டையை அலமாரியில் காணோம். அடுத்ததைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். சந்து முனையில் நூடுல்ஸ் கடைக்கார லான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். விடியுமுன்பே கழுவுகிறாளே என்று தோன்றியது.

"மறுபடியுமா தாத்தா? சாமிக்குக் காது வலிக்கப்போவுது" என்றாள் அவள் பாஷையில். நான் கோவிலே கதியென்று கிடப்பதைக் கேலி செய்கிறாள் என்று சிரித்து வைத்தேன்.

பூசைக்கு முன் பெயர்களை வாசித்தார்கள். யார் யார் பெயரோ வந்தது, அவள் பெயர் வரவில்லை. மறந்துவிட்டார்களா, நான்தான் தவறவிட்டேனா? பூசை முடிந்து வெளியே வந்தால், விடிந்திருக்க வேண்டிய வானம் முன்பைவிட இருண்டிருந்தது. படியில் நின்று வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.

வேறு தெருவில் இருக்கும் மகள் மார்கரித்தின் பைக் வந்து நின்றது.

"பப்பா! வீடு தொறந்து கெடக்கு. இங்க என்ன பண்றீங்க?"

"அம்மா பேரை வாசிக்கலம்மா."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள். "காலையில வாசிச்சாங்களே. எம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? அழுதீங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டீங்க."

"நானா?"

"இது சாயங்காலப் பூசை பப்பா. மத்தியானம் படுத்து எழுந்து வந்திருக்கீங்க."

சில மாதங்களுக்கு முன் ஒரு டாக்டர் என் தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூக்கத்தைப் பார்த்திருந்தார். துண்டு துண்டாகத் தூங்குகிறீர்கள், ஆழ்ந்து தூங்கும்போதுதான் மூளையின் ஒரு பகுதி பார்த்ததை இன்னொரு பகுதி வாங்கி வைத்துக்கொள்ளும், உங்களுக்குள் அந்தப் பேச்சு குறைந்துவருகிறது என்றார். யாரோ வேறொரு கிழவனைப் பற்றிச் சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படி வாசிச்சாங்க?" என்று கேட்டேன்.

மார்கரித் யோசித்தாள். "ஜிசேல்னு சொல்லிட்டு, வாசிச்சவரு கொஞ்சம் நிறுத்துனாரு. அவங்களுக்குப் பழக்கமில்லாத பேராச்சே. அப்புறம் திரும்ப ஒருதரம் சொன்னாரு."

பைக்கின் பின்னால் அமர்ந்து, அந்த நிறுத்தத்தைக் கேட்டுவிடப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. காலையில் பிடித்த மகள் கையின் சூடுகூட நினைவில் இல்லை.

வீட்டில் கொல்லை விளக்கைப் போட்டேன். கம்பியில் என் நல்ல சட்டை தொங்கியது. துவைத்து, எல்லாப் பொத்தான்களும் போட்டு. ஜிசேல் அப்படித்தான் காயப்போடச் சொல்வாள். கீழ் விளிம்பில் ஒரு துளி திரண்டு நின்றது. அது விழட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.