ஜன்னல் வேண்டாமென்றவன்

அத்தியப்பன் திரையை விலக்குகிறான், பின்னால் சுவர், வெளிர்மஞ்சள் பூசிய மொட்டைச் சுவர், மறுபடி மூடுகிறான், ஓரத்தை இழுத்து மடிப்பைச் சரிசெய்கிறான், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி விலக்குகிறான், ஜன்னலே இல்லாத இடத்துக்கு ஜன்னல்திரை எதற்கு, யாரை ஏமாற்ற, அன்றைக்கு டிராவல்ஸ் ஆபீசில் காட்டிய படத்திலும் இந்தத் திரை அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது, பார்த்ததுமே பித்தலாட்டம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் இந்த அறை போதும் என்றும் சொன்னேன். சுவருக்கு அப்பால் ஒரு நடைவழி, நடைவழிக்கு அப்பால் எங்களோடு வந்த நாச்சிமுத்துவும் இப்ராகிம் பாயும் எடுத்திருக்கிற பால்கனி வைத்த அறை, அதற்கும் அப்பால்தான் கடல், அவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறேன் கடலை, இவனுக்காக. உள்ளே விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரியும் ஒன்றுதான், மதியச் சோறு தின்றுவிட்டு வந்ததால் இது மதியம், வயிறு சொல்லித்தான் பொழுது தெரிகிறது. அத்தியப்பன் சுவரில் உள்ளங்கையை வைக்கிறான், கப்பல் ஓடுதுடா என்கிறான், ஓடட்டும் என்கிறேன், எவன்டா ஓட்டறான் என்கிறான், எவனோ ஓட்டறான், வந்து உக்காரு. எவனோ ஓட்டுகிற வண்டியில் நான் கண்மூடியதே கிடையாது, பஸ்ஸில் போனாலும் டிரைவரின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டேதான் போவேன், இந்த ஒருத்தன் ஸ்டீரிங்கில் இருந்தால் மட்டும் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் காலை நீட்டிப் படுப்பேன், அவன் ஓட்டுவான், அப்புறம் நான் ஓட்டுவேன், லோடு லாரி, சங்ககிரியிலிருந்து கல்கத்தா வரைக்கும், எத்தனை வருஷம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, முடி கறுப்பாக ஏறினோம், வெளுத்து இறங்கினோம்.

இறங்குவதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. லாரியிலிருந்து இறங்குகிறவன் தெருவைப் பார்த்து இறங்கமாட்டான், கதவைத் திறந்து, வண்டியைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, காலைப் பின்னுக்கு விட்டுப் படியைத் தேடி இறங்குவான், கால் தானாகவே தேடும், மூளைக்கு அதில் வேலை கிடையாது. அத்தியப்பனின் மகள் தனம் வந்து சொன்னபோது நான் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன், பெரிப்பா, அப்பா மாடியில கைப்பிடிச் சுவரு மேல ஏறி, வூட்டப் பாத்துத் திரும்பி, காலக் கீழ தொங்கவுட்டுப் படி தேடறாரு பெரிப்பா, சட்டையப் புடிச்சு இழுத்தேன், லோடு எறக்கோணும் வுடு சாமின்னு சொல்றாரு என்றாள், அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். எந்தக் கதவைக் கண்டாலும் திறந்து இறங்கப் பார்க்கிறாராம், எப்போதும் அல்ல, வந்து வந்து போகிறதாம், மற்ற நேரத்தில் பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாராம். டாக்டர் ஏதோ பேர் சொல்லியிருக்கிறார், அந்தப் பேர் எனக்கு எதற்கு. கப்பலுக்கு எல்லாரும் போறீங்கன்னு கேட்டதுலருந்து அப்பா சந்தோசமா இருக்காரு, கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, நான் வேண்டாங்கல, ஆனா நாச்சிமுத்து மாமாவுக்கும் பாய்க்கும் தெரியவேண்டாம், அவங்க பாவம் பாவம்னு பாத்தாங்கன்னா அப்பா ஒடஞ்சு போயிருவாரு, அதுக்கு இங்கயே இருக்கட்டும், என்றாள். சரி போ, என்றேன். கோழித் தண்ணீர் கையில் சரிந்து கால் நனைந்திருந்தது.

கப்பல் என்ற பேச்சை எடுத்தவன் நாச்சிமுத்து. எங்களோடு கிளீனராகச் சேர்ந்து இன்றைக்கு லாரிகளுக்குச் சொந்தக்காரன், பேச்சும் அவனுடையதுதான் உயரமாக இருக்கும், பாயின் டயர்க்கடையில் சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தான், டேய், நாம பூராப் பேரும் ரோட்டுலயே பொழச்சோம், ஒருக்காவாச்சும் சும்மா உக்காந்து போயிருக்கமா, எவனோ ஓட்டட்டும், நாம காலு மேல காலு போட்டுட்டுப் போலாம். எவன் ஓட்டறான், அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கியா, என்றேன் நான். கப்பலுக்கு பிரேக்கே கெடையாதாமேப்பா என்றார் பாய். எதுக்குங்க பாய் பிரேக்கு, குறுக்க எருமையா வரப்போவுது, என்றான் நாச்சிமுத்து, அத்தியப்பன் அந்தச் சிரிப்புச் சிரித்தான், கண் இரண்டும் காணாமல் போகிற சிரிப்பு, தொப்பூர் மலையில் பிரேக் பிடிக்காமல் கியரிலேயே வண்டியை இறக்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இப்படித்தான் சிரித்தான், மழை பெய்திருந்தது, அல்லது மழை வேறொரு நாள், மலையும் மழையும் இப்போது ஒன்றாகத்தான் வருகிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு போகவேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தனம் வந்து போன பிறகு, எந்தக் கப்பல் என்பதில் நான் விடவில்லை, நாச்சிமுத்து சிங்கப்பூர் என்றான், அத்தனை நாள் எவன் கோழிக்குத் தீனி போடுவது என்றேன், பாய் கொச்சியிலிருந்து தீவுக்குப் போகிற கப்பல் என்றார், அவர் மருமகன் போய்வந்தானாம், தீவு பக்கத்தில் போனதும் நடுக்கடலில் சின்னப் படகுக்கு இறங்கி மாறவேண்டுமாம், ஆட்டத்தில் கால் வைத்து இறங்க வேண்டுமாம், இறங்க என்ற சொல் காதில் விழுந்ததும் படகும் வேண்டாம் மயிரும் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். இவன் ஒரு கழுத்தறுப்புடா என்றான் நாச்சிமுத்து, பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான், பொண்ணோட பல்ல எண்ணிப் பாத்தான். நான் பல்லை எண்ணவில்லை, அவள் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன், அவள் போய்ச் சேர்ந்தும் ரொம்ப நாளாகிவிட்டது, அது வேறு. கடைசியில் சென்னையில் ஏறிக் கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறக்கிவிடுகிற கப்பல் என்று முடிவாயிற்று, நடுவில் எங்கேயும் இறங்க வேண்டாம், அதுதான் எனக்கு வேண்டியது.

சேலத்தில் அந்த டிராவல்ஸ் ஆபீசுக்கு நாலு பேரும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனோம், சம்பந்தம் பேசப் போகிற மாதிரி, உள்ளே ஏசிக் குளிர், ஒரு பெண்பிள்ளை சுவரில் இருந்த பெரிய டிவியில் அறைகளைக் காட்டுகிறாள், தாத்தா இது பால்கனி ரூம், கதவத் தெறந்தா நேரா கடல், நாற்காலி போட்டு உக்காரலாம், இது ஜன்னல் வெச்சது, இது உள்பக்கம், ஜன்னல் இருக்காது, வெல கம்மி. படத்தில் பால்கனிக் கதவு தானாகத் திறக்கிறது, கண்ணாடிக் கதவு, இடுப்புயரக் கம்பி, கம்பிக்குக் கீழே தண்ணீர், நீலமாக, அடி தெரியாமல். என் கண்ணில் அந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு கால் தொங்குகிறது, பித்தவெடிப்புக் கால், கட்டைவிரல் வளைந்து, படியைத் தேடுகிறது. நாலு பேருக்கும் பால்கனி, பக்கத்துல பக்கத்துல, நடுவுல இருக்கற தடுப்ப எடுத்துருவாங்களாம், ஒட்டுக்கா உக்காந்து காப்பி குடிக்கலாம், என்றான் நாச்சிமுத்து. எனக்கு உள்ரூமு போதும், என்றேன். ஏன்டா. கடலு தெரியறதுக்கு ஒரு காசு, காத்து வரதுக்கு ஒரு காசா, படுத்தாக் கண்ண மூடத்தானே போறம். காசு நான் போடறன்டா, கஞ்சப்பயலே. உன்ற காசுல போறதுக்கு நான் என்ன உன்ற கிளீனரா. சொல்லியிருக்கக் கூடாது, கிளீனர் என்ற சொல் அவனுக்கு எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் எடுத்தேன், வேறு எதை எடுத்தாலும் அவன் சிரித்துக்கொண்டே காசைக் கட்டிவிடுவான். அவன் முகம் சுருங்கிவிட்டது, சரிடா நீ குழிக்குள்ள படு, அத்தியப்பன் எங்களோட வரட்டும், மூணு பேருக்கு ஒரு பெரிய பால்கனி ரூமாப் போடும்மா, என்றான். அந்தப் பெண் தட்டத் தொடங்கிவிட்டாள், சொல்லவும் முடியாது, விடவும் முடியாது, தனம் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி யாரையாவது பிடித்து இழுக்க வேண்டும், யாரை இழுப்பது. அப்போது அத்தியப்பன் சொன்னான், டிவியைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம்மா, எனக்குக் கடலப் பாத்தாக் கிறுகிறுன்னு வரும், நான் இந்த வெளங்காதவன்கூடவே உள்ள படுத்துக்கறன். உனக்கா கிறுகிறுப்பு என்றார் பாய். வயசாகுதுல்லீங்க பாய், என்றான் அவன். கிறுகிறுப்பாம். விசாகப்பட்டணத்துத் துறைமுகத்தில் லோடு ஏற வாரக்கணக்கில் நாங்கள் காத்துக்கிடந்தபோது, மற்றவர்கள் சீட்டாட, இவன் மட்டும் பாறைமேல் உட்கார்ந்து பொழுது சாயும்வரைக்கும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பான், சோறு ஆறிப்போகும், போய்க் கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம்டா என்பான். அதையும் மறந்துவிட்டானோ என்று நினைத்தேன், அவன் மறதி எனக்கு உதவிக்கு வந்ததே என்று உள்ளே ஒரு நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்து எனக்கே என்மேல் அருவருப்பு.

கப்பலில் ஏறி இது எத்தனையாவது வேளைச் சோறு என்று தெரியவில்லை, நான் கண்மூடவில்லை, அதுமட்டும் தெரியும். கதவை ஒட்டி என் மெத்தையை இழுத்துப் போட்டிருக்கிறேன், அவன் புரண்டால் எழுந்துவிடுகிறேன், மேல்தளத்துக்குப் போகும்போது அவன் தோளில் கை போட்டுக்கொள்கிறேன், நாச்சிமுத்து கோபமெல்லாம் முதல் நாளே விட்டுவிட்டு, பாருங்க பாய் புதுமாப்பிள்ளை பொண்ண இறுக்கிப் புடிச்சுட்டுப் போறத, என்று கத்துகிறான், சிரிக்கட்டும், தெரியாதவரைக்கும் சிரிக்கலாம். தூக்கம் இல்லாத கண்ணுக்கு நடைவழி கல்கத்தா போகிற ஜி.டி. ரோடு மாதிரி நீண்டுகொண்டே போகிறது, எதிரே சாப்பாட்டுத் தட்டுகளோடு தள்ளிவருகிற வண்டி வெளிச்சம் போட்டு வருகிற லாரி, ஒதுங்கு ஒதுங்கு என்கிறேன், என்னடா என்கிறான் அத்தியப்பன், ஒன்றுமில்லை. இப்போது அவன் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், என் பக்கம் திரும்பாமல், ஜன்னல் இருந்தா நான் எறங்கிருவன்னுதானேடா, என்கிறான்.

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. ஆமாடா, என்றேன். தனம் சொன்னாளா. சொன்னா. அவன் வந்து என் மெத்தையில் உட்கார்ந்தான், கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அன்னிக்கு அவ சட்டையப் புடிச்சு இழுத்தப்ப காலுக்குக் கீழ ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதுடா, அங்க எப்படிப் போனன்னுதான் தெரியல, என்றான், வண்டி ஓட்டறப்பத் தூக்கம் சொக்கினா எப்படி இருக்கும், கண்ணு தொறந்துதான் இருக்கும், கை திருப்பும், ஆனா எடையில வந்த ஊரு போனது தெரியாது, அப்படித்தான்டா இருக்குது, பகல்லயே. அந்த ஆபீசுல நீ காசு காசுன்னு கத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நீ கஞ்சன்தான், ஆனா இன்னொருத்தன் காசுன்னா வேண்டாங்கற கஞ்சன் கெடையாது, என்றான், அதான் கிறுகிறுப்புன்னு ஒரு போடு போட்டேன், இல்லாட்டி நீ அவன்கூட அடிதடிக்குப் போயிருப்ப. நீயாடா, என்றேன், நானேதான், என்றான், கண் இரண்டும் காணாமல் போயிற்று.

உன்ற கண்ணப் பாரு, மொளகாப் பழமாட்டச் செவந்து கெடக்குது, என்றான், சொக்கினா என்ன பண்ணுவம், ஓரங்கட்டி மாத்திக்குவம்ல, எந்திரி, அங்க படு, நான் கதவுகிட்ட உக்காந்துக்கறேன். நீயா, என்றேன். நான்தான். நீ கதவத் தொறந்து போயிட்டா. உன்னய எழுப்பிட்டுத்தான் போவேன். எழுப்பறத மறந்துட்டா. யோசித்தான், உண்மையாகவே யோசித்தான், அப்ப வாய் வுட்டு ஊரு பேரு சொல்லிட்டே இருக்கறன், கல்கத்தா வரைக்கும், சத்தம் நின்னா நீயா எந்திரிச்சுக்க. கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். இந்த உலகத்தில் ஒருத்தன் சொல்லையும் நம்பாதவன் நான், ரேஷன் கடைக்காரன் எடைபோடும்போது தராசையும் அவன் கையையும் சேர்த்துப் பார்க்கிறவன், அத்தியப்பன் படுக்கையில் போய்ப் படுத்தேன். சங்ககிரி, சேலம், தொப்பூர், என்கிறான், தர்மபுரி, கிருஷ்ணகிரி, குரல் மெதுவாக, ஸ்டீரிங்கில் இருக்கிறவனுடைய குரல், பலமனேர், சித்தூர், கட்டில் லேசாக ஆடுகிறது, பலகையும் இப்படித்தான் ஆடும், நாயுடுபேட்டை, நெல்லூர். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தேன். கதவோடு கதவாக அவன் அப்படியே இருக்கிறான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஓங்கோலுக்கு முன்னால என்னடா வரும். காவலி, என்றேன். ஆமா, காவலி, என்றான், நீ தூங்கு, ஓங்கோல், என்றான், அப்புறம் வந்த ஊர் தூக்கத்தில் என் காதில் விழவில்லை, திரை அசைந்தது, கப்பல் ஆடியதாலோ என்னவோ ஓரம் விலகியது, பின்னால் மஞ்சள் சுவர் இல்லை, வெயில் ஏறிய ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம், மரத்துக்கு அப்பால் கூடவே ஓடிவருகிற கடல், காற்று உள்ளே வந்து முகத்தில் அடிக்கிறது, அவன் ஓட்டுகிறான்.