கோரைக்குள் நான்கு தண்டுகள்

அவளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தாலும் வீட்டில் கை சும்மா இராது. “கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டு வந்தவ” என்பாள் மாமியார். ஒரு மழைக்காலக் காலையில் பஸ் வரவில்லை. நிற்கப் பொறுமையில்லாமல் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்த சதுப்பு நிலத்தில் இறங்கிக் குறுக்கே நடந்தாள்.

கோரைக்கு நடுவே, கணுக்கால் நனையும் தண்ணீரில் நான்கு பூந்தண்டுகள் நின்றன. பச்சை படிந்த வெள்ளைப் பூக்கள். கீழிதழின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. படம் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடியபோது விவரம் கிடைத்தது. காட்டு ஆர்க்கிட், மரத்தில் தொற்றுவதல்ல, சேற்றில் கிழங்கு விட்டு வளர்வது. அந்தச் சேற்றிலுள்ள பூஞ்சையின் துணையில்லாமல் விதை முளைக்காது. தோண்டித் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் அழுகிவிடும்.

அதைக் கொழுந்தனிடம் காட்டினாள். அதுதான் வினையாகப் போயிற்று. அவனுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர் வைத்ததே அவள் கணவன்தான்.

“அண்ணி, சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

மறுநாளே படம் ஊரெல்லாம் சுற்றியது, பணிமனைச் சுவரை ஒட்டி எப்படிப் போவது என்ற விவரத்தோடு.

சனிக்கிழமை அவள் போனபோது அங்கே ஒரே கூட்டம். பூவை யாரும் தொடவில்லை. ஆனால் நல்ல கோணம் பார்த்து நின்றவர்களின் காலடியில் கோரை சாய்ந்து, சேறு குழம்பிக் கிடந்தது. “தள்ளி நில்லுங்க, மிதிக்காதீங்க” என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. செடி நர்சரி வைத்திருக்கும் ஒருவர் மட்டும் படமே எடுக்கவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, கிழங்கு ரொம்ப ஆழத்துலயா இருக்கும்?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். நாளைக்குக் காலைல சாவகாசமா வந்து பார்க்கறேன்.”

தோண்டத்தான் வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கிருந்தே வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். “லீவும்மா. திங்கக்கிழமை பேசுங்க” என்றது ஒரு குரல்.

வீட்டுக்கு வந்து கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அலமாரியைக் கலைத்து அடுக்கினாள்.

“குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் சுத்தற? ஒரு பூவுக்கா இந்தப் பாடு?” என்றான் கணவன்.

“பூ இருக்கறதுதான் இப்ப ஆபத்து” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்கே புரிந்தது.

விடிந்ததும் கத்தரிக்கோலோடு போனாள். எத்தனையோ பேரின் மெல்லிய நரம்பைத் தேடிப் பிடிக்கும் கை அன்று தண்டுகளைத் தேடிப் பிடித்தது. நுனியில் இன்னும் விரியாத மொட்டுகள் இருந்தன. இந்த வருஷம் விதை இல்லை என்று தெரிந்தேதான் வெட்டினாள். நான்கு தண்டுகளையும் சாப்பாட்டுப் பைக்குள் திணித்து, இலைகளின் மேல் கோரையை இழுத்து மூடினாள். கரையேறும்போது நர்சரிக்காரர் சாக்குப்பையோடு எதிரே வந்தார்.

“பூ எங்கம்மா?”

“யாரோ பறிச்சுட்டுப் போயிட்டாங்க.”

அவர் இறங்கித் துழாவினார். கோரையில் எந்த இலை எதனுடையது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு செருப்பைச் சேற்றில் தொலைத்துவிட்டு, “சே, வீண் அலைச்சல்” என்று மேலே ஏறினார். அவர் போகும்வரை பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

வீட்டில் ரேடியோவுக்குச் செய்தி எட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தான்.

“எந்தப் பாவி அண்ணி இப்படிப் பண்ணது? அவன் கை வெளங்குமா?”

“நான்தான்.”

“நாலையுமா?” என்றான்.

“ஒண்ணை விட்டிருந்தாலும், அதை அடையாளம் வச்சு அந்த நர்சரிக்காரன் மிச்சத்தையும் தோண்டியிருப்பான்.”

“நான் வாயை மூடிக்கிட்டிருந்தா...”

“ஆமா.” ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கலாம்தான். அவளுக்கு மனம் வரவில்லை.

திங்களன்று ஒரு வன அலுவலரை அழைத்துப் போய் இலைகளைக் காட்டினாள். “பூ இல்லாம எந்த இனம்னு எப்படி எழுதறது? அடுத்த வருஷம் பூத்தா சொல்லுங்க” என்றார். வெட்டியது யாரென்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதியே இல்லை. வெயில் காலத்தில் சேறு வெடித்தபோது கிழங்கு காய்ந்துபோகுமோ என்று தவித்தாள். அடுத்த மழையில் மூன்று இடங்களில் இலை வந்தது. கூட்டம் மிதித்த நாலாவது இடத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்றில் ஒன்றுதான் பூத்தது. அலுவலர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். குறித்துக்கொண்டு, மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா, தெரியாது.

பூக்கள் வாடின. அவற்றுக்கு அடியில் காய்கள் பருத்திருப்பதை ஒரு மாலையில் பார்த்தாள். தொடவில்லை. அவை வெடித்து விதை பறக்கப் பல வாரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மறுநாள் காலையில், பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடி இறங்கினாள்.