கடைசி வரியிலிருந்து

கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும்தான் பாக்கி. கொழுந்தன் கணினியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். திரையின் நடுவில் பெரிய பச்சைப் பொத்தான்: ‘உங்கள் கடன் அறிக்கை, முற்றிலும் இலவசம்.’

“சொல்லுங்க அண்ணி. நாலு நம்பர் சொல்ல நல்ல நேரம் பாக்கறீங்களா?”

“இலவசம்னா கார்டு எதுக்கு தம்பி?”

“சும்மா, ஆளைச் சரிபார்க்க.”

வீட்டில் ரொட்டி சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள் நான். பெரிய ஓவன் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தேன். இதுவரை வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினேனா என்று காட்டும் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார் மேலாளர். எனக்கு உள்ளூரப் பயம். வீடு, மின்சாரம், வரி எல்லாமே போன வருடம் இறந்துபோன என் கணவர் பெயரில்தான் இருந்தன. அந்த அறிக்கையில் நான் என்று ஒருத்தி இருப்பேனா என்பதே சந்தேகம்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பார். மேலிருந்து படித்தால் அர்த்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது என்பார். கல்யாணப் பத்திரிகையில்கூட முதலில் அச்சகத்தின் பெயர், கடைசியில்தான் மாப்பிள்ளை. தலைகீழாகப் பிறந்த மனிதர் என்று நான் கேலி செய்வேன்.

அன்று என் கை தானாகவே பக்கத்தின் அடிக்குப் போனது. வெள்ளையில் கரைந்துவிடுகிற சாம்பல் எழுத்தில் கடைசி வரி: ‘சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் இலவச அறிக்கைக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை.’ அதற்கு மேலே, ஒரு வாரம் கழிந்ததும் மாதக் கட்டணம் கார்டிலிருந்து தானாக எடுக்கப்படும் என்றிருந்தது. அதற்கும் மேலே ‘சம்மதம்’ என்று ஒரு சிறு கட்டம். எங்களுக்கு முன்பே யாரோ அதில் டிக் போட்டு வைத்திருந்தார்கள்.

“அப்ப நெஜமாவே இலவசமா குடுக்கறவங்க வேற எங்கயோ இருக்காங்க. அங்க போ,” என்றேன்.

“ஒரு வாரத்துக்குள்ள நான் நிறுத்திடறேன் அண்ணி.”

“ஜிம்முக்கு இன்னும் காசு கட்டற ஆள்தானே நீ? அந்தப் பக்கம் எட்டிப் பாத்து எத்தனை காலமாச்சு?”

அவன் குனிந்து தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டான். “அண்ணன் நம்பருக்குக் கூப்பிட்டா ஒரு பாட்டு கேக்குதே, அதுக்கு மாசாமாசம் நீங்க கட்டலையா?”

“அது தெரிஞ்சே கட்டறது.”

அவன் அந்தப் பக்கத்தை மூடினான். அரசுத் தளம் வழியாகச் சரியான பக்கத்தைத் தேடிப் பிடித்தான். அங்கே அடையாள எண்ணைக் கேட்டார்கள், கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டார்கள். கார்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அறிக்கை வந்தது. அடியிலிருந்து மேலே போனேன். ஃபிரிட்ஜ் கடன் இருந்தது. தவணையில் வாங்கியபோது, “உன் பேர்ல இருக்கட்டும்” என்று அவர் பிடிவாதமாக என்னைக் கையெழுத்துப் போடவைத்தார். ஒரு தவணைகூடத் தாமதமில்லை. உச்சியில் மதிப்பெண், அதற்கும் மேலே என் பெயர், பிழையில்லாமல்.

“என்னைவிட உங்களுக்கு எவ்வளவோ மார்க் கூட அண்ணி,” என்றான் கொழுந்தன். “இனி எனக்குக் கடன் வேணும்னா உங்களத்தான் ஜாமீனுக்குக் கூப்பிடணும்.”

“மொதல்ல ஜிம்மை நிறுத்து.”

வங்கி கடன் கொடுத்தது. சமையலறைக் கதவைக் கழற்றித்தான் ஓவனை உள்ளே கொண்டுவர முடிந்தது. முதல் தட்டு ரொட்டி பொன்னிறமாக வெளியே வந்ததும், மாவுக் கையைத் துடைக்காமலே அவர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். காதில் அந்தப் பாட்டு. மேசை இழுப்பறைக்குள் அவருடைய போன் அதிர்ந்து அதிர்ந்து, உடன் கிடந்த சிவப்புப் பேனாக்களை உருட்டிக்கொண்டிருந்தது.